இதைத் தைத்தவர்

மும்பை
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு வலி குறைந்ததா? சிவபாண்டி மச்சானும் திவ்யாக்குட்டியும் சுகம்தானே? எழுமலைக்குப் போன் போட்டால் அம்மா எப்போதும் "நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரே பதில். அப்பாவின் முழங்கால் நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று நீ நேரில் பார்த்து எழுது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

போனில் நாம் இரண்டு பேருமே சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். நான் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்து முக்கியமானதெல்லாம் நமக்குள் கடிதத்தில்தான். இதுவும் அப்படி ஒன்று.

போன வருஷம் டெல்லியில் என் ஃபேஷன் ஷோ முடிந்ததும் ஒரு பெண் நிருபர் மைக்கை நீட்டி, "இந்தச் சட்டையைத் தைத்தது யார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அக்கா. கப்பலூரில் நீ சூப்பர்வைசராக இருக்கிற கம்பெனியில் தைத்த சட்டை. காலரில் என் பெயர் இருந்தது. தைத்தவள் பெயர் எனக்குத் தெரியவில்லை. நம் அம்மாவை முப்பது வருஷம் வயலில் யாராவது ராமக்காள் என்று கூப்பிட்டிருக்கிறார்களா? "சங்கிலி பொண்டாட்டி", இல்லாவிட்டால் "ஏ புள்ள". நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை அறுநூறு சட்டைகளும் உன் மூன்றாம் லைனுக்கு வருகின்றன. சட்டைகள் மும்பை வந்ததும் நாங்கள் ஒவ்வொன்றிலும் உள்பக்கம் ஒரு பட்டை வைத்துத் தைக்கப் போகிறோம். "இதைத் தைத்தவர்" என்று போட்டு, கீழே பெயர், ஊர். உன் லைனில் இருக்கிற முப்பத்திரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டுப் பெயரும் ஊரும் எழுதி அனுப்பு. கம்பெனி அடையாளக் கார்டில் இருக்கிற நிஜப் பெயர்களாக இருக்கட்டும்.

ஒரு சட்டையால் என்ன மாறும் என்று நீ கேட்பாய். கேள், பதில் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
தமிழ்வாணி


அவனியாபுரம்
20 பிப்ரவரி 2025

தங்கச்சி தமிழுக்கு அக்கா எழுதுறது.

எல்லாரும் சுகமா இருக்கோம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் இருக்கு, ஆனா ஆடு மேய்க்கப் போகாம இருக்க மாட்டேங்கிறாரு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போட்டோவுல கழுத்தெலும்பு தெரியுது.

உன் கடுதாசியப் படிச்சு ராத்திரி மச்சான்கிட்டயும் சொன்னேன். நெனப்பு நல்ல நெனப்புதான். ஆனா ஒரு சட்டையை ஒருத்தியா தைக்கிறா? ஒருத்தி காலரு, ஒருத்தி கை, ஒருத்தி காஜா. யாரு பேரைப் போடுவ? அப்புறம் இன்னொண்ணு. இங்க பாத்ரூம் போக லைனுக்கு ரெண்டு டோக்கன். முப்பத்திரண்டு பேருக்கு ரெண்டு. ஒருத்தி திரும்பி வந்து டோக்கனைக் குடுத்தாத்தான் அடுத்தவ எந்திரிக்கணும். அந்த டோக்கனைக் கையில வச்சிருக்குறது உன் அக்காதான். சட்டைக்குள்ள பேரு போட்டா டோக்கன் போயிருமா? சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

இருந்தாலும் எல்லார்கிட்டயும் கேட்டேன். அன்னக்கொடி அக்கா இருக்குல்ல, காலர் வைக்கிற அம்மா, இருபது வருஷ சர்வீஸ். அது, "துவைச்சா பேரு அழிஞ்சிருமா?"ன்னு கேட்டுச்சு. அழியாதுன்னேன். அப்ப இனிசியலோட போடுன்னுச்சு. அன்னைக்கு லைன்ல ஒரே சிரிப்பு. எல்லாரும் சம்மதம்தான்.

ஒருத்தி மட்டும் வேணாம்னுட்டா. பவதாரிணின்னு பேரு, இருபத்திரண்டு வயசு, எங்க தெருவுக்கு அடுத்த தெரு. ஏன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிருக்கா, அதனால உனக்கும் எழுத மாட்டேன். ஒரு பேரு குறையுதேன்னு அவளுக்குப் பதிலா நம்ம திவ்யா பேரைப் போட்டு, ஊரு மதுரைன்னு எழுதிருக்கேன். அது ஒண்ணுதான் பொய், மத்ததெல்லாம் நெசம். லிஸ்ட்டு இத்தோட இருக்கு.

அன்புடன்
இசைவாணி


மும்பை
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் நலம் என்று படித்ததில் நிம்மதி. அப்பாவுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், எழுமலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போ.

லிஸ்டைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் காபி குடிக்கும்போது ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். யார் பெயரைப் போடுவது என்று கேட்டாயே, முறை வைத்துப் போடுகிறேன், அறுநூறு சட்டைகளில் எல்லார் பெயரும் சமமாக வந்துவிடும். டோக்கன் விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அதையும் விடமாட்டேன்.

அந்த ஒரு பெயர்தான் உறுத்துகிறது. நாங்கள் மேடையில் "இங்கே இருக்கிற ஒவ்வொரு பெயரும் உண்மை" என்று சொல்லப்போகிறோம். சட்டைகளை வாங்கும் கம்பெனி பெயர்களைச் சரிபார்க்க ஆள் அனுப்பும். பொய்யாக ஒரு பெயர் அகப்பட்டால் மிச்சம் முப்பத்தொரு பேரையும் பொய் என்பார்கள். என் அக்கா மகள் பெயரே அதில் இருந்தால் என்ன சொல்வார்கள், யோசி. அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கலாம், வீட்டுக்காரர் திட்டுவார் என்ற பயமாக இருக்கலாம். உட்கார வைத்துப் பேசு. தன் பெயரைச் சொல்லப் பயப்படுகிற பெண்ணுக்காகத்தானே இதையே செய்கிறோம்?

உன்,
தமிழ்


அவனியாபுரம்
15 மார்ச் 2025

தமிழுக்கு,

தைலம் வந்துச்சு, அப்பா தடவிக்கிட்டாரு, கொஞ்சம் பரவாயில்லைங்கிறாரு. உனக்குச் சளி விட்டுச்சா?

பேசிப் பாத்தேன். முடியாதுன்னுட்டா. அவ முடியாதுன்னா முடியாதுதான், விட்டுரு. முப்பத்தொண்ணு போதும்னாலும் சரி, இல்ல திவ்யா பேரே இருந்தாலும் சரி. இதுக்கு மேல கேக்காத. வேலை நெருக்கடி, அறுநூறுல நானூறு முடிஞ்சிருச்சு.

இசை


மும்பை
28 ஏப்ரல் 2025

என் அக்காவுக்கு,

எல்லாரையும் கேட்டதாகச் சொல். எனக்கு நாலு நாளாகத் தூக்கமே இல்லை. காய்ச்சல் இல்லை, சந்தோஷம்.

இருபத்துநாலாம் தேதி ஷோ நடந்தது. கடைசியில் நான் மேடைக்கு வரும்போது இசையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். முப்பத்திரண்டு பெயர்களையும் ஊரோடு வாசித்தேன். முதல் பெயர் அன்னக்கொடி. எழுநூறு பேர் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு நடிகை சட்டையை அங்கேயே வாங்கிப் போட்டுக்கொண்டு, உள்பக்கத்தைத் திருப்பிப் பட்டையைக் காமிராவுக்குக் காட்டினாள். அந்தப் படத்தை இரண்டு நாளில் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று தெரியாது, எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சட்டைகளை வாங்கிய கம்பெனிக்காரர்களிடம் டோக்கன் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறார்கள். இந்தத் தொழிலில் துணியால் எதையும் மாற்ற முடியாது என்று என்னைக் கேலி செய்தவர்கள் இன்றைக்குப் போன் போட்டு வாழ்த்துகிறார்கள். அம்மாவிடம் சொல்லு.

தமிழ்வாணி


அவனியாபுரம்
11 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? இங்க வெயில் மண்டையப் பொளக்குது. மச்சானுக்கு அம்மை போட்டு இறங்கிருச்சு, இப்பத் தேவலை. அம்மா ரோட்டுல போற வாரவங்களையெல்லாம் நிறுத்தி உன்னப் பத்திச் சொல்லுது.

தமிழு, நான் தோத்துட்டேன். டோக்கன் போயிருச்சு. வெளிநாட்டு அம்மா ஒண்ணும் பெங்களூரு ஆளு ஒருத்தரும் வந்து ரெண்டு நாள் எல்லாத்தையும் பாத்தாங்க. மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்த ரெண்டு டோக்கனையும் வாங்கி டிராயர்ல போட்டுட்டாரு. அம்புட்டுதான். ஏழு வருஷமா நான் கையில வச்சிருந்தது. முத ரெண்டு நாள் பொம்பளைங்க பழக்கதோஷத்துல என்கிட்ட வந்து கையை நீட்டுனாங்க. போங்கடின்னேன். நீ சொன்னது நடந்துச்சு, நான் நம்பல, அதான் நெசம்.

மேனேஜர் இப்ப அன்னக்கொடி அக்காவ அன்னக்கொடிம்மான்னு கூப்பிடுறாரு. முன்ன எல்லாம் "ஏழாம் நம்பர் மெஷினு".

பவதாரிணி மூணு மாசமா முழுகாம இருக்கா. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் சொன்னா. அவ வீட்டுக்காரரு பேச்சிமுத்து ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு, தெனமும் சாயந்திரம் கம்பெனி கேட்டுக்கிட்ட வந்து நின்னு கூட்டிட்டுப் போறாரு. அவ பேருக்குப் பதிலா பொய்ப் பேரு போட்டேன்னு உனக்கு மனசுல இருந்திருக்கும். விட்டுக்குடுத்த பாரு, அதுக்கு உனக்கு நன்றி.

உன் அக்கா
இசைவாணி


அவனியாபுரம்
2 ஜூன் 2025

தமிழுக்கு,

சுகமான்னு கேட்டு எழுதக் கை வரல. நேத்துப் போன்ல உனக்கு நான் அழுததுதான் கேட்டிருக்கும். நடந்ததை வரிசையா எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு செக்யூரிட்டி வந்து, பவதாரிணியப் பாக்க அவங்க அம்மா வந்திருக்குன்னு சொன்னாரு. அவ மூஞ்சியில ரத்தமே இல்ல. நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது, சொல்லிடுறேன். அவ பெரிய வீட்டுப் பொண்ணு. பேச்சிமுத்து நம்ம ஆளு. ஒன்னரை வருஷத்துக்கு முன்ன ஊரைவிட்டு வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கண்டா வெட்டுவோம்னு அவங்க ஆளுங்க சொல்லிருக்காங்க. அதுக்குத்தான் பேரு வேணாம்னா.

அந்த அம்மா பூவும் கண்ணாடி வளையலும் ஒரு பையில வச்சிருந்துச்சு. மகளைப் பாத்ததும் வயித்துல கைய வச்சு, "இம்புட்டு ஆயிருச்சா, எனக்குச் சொல்லலையே"ன்னு அழுதுச்சு. நெசமான அழுகை தமிழு. அப்பா மனசு மாறிட்டாருன்னுச்சு, ரெண்டு நாள் வச்சிருந்து வளையல் போட்டு அனுப்புறேன்னுச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு நான் கேட்டேன். போனை எடுத்துக் காட்டுச்சு. அந்த நடிகை காட்டுன மாதிரியே யாரோ ஒரு பொண்ணு சட்டையத் திருப்பிக் காட்டுற போட்டோ. பட்டையில "பவதாரிணி"ன்னு இருக்கு. கீழ அவ சொந்த ஊரு பேரு இருக்கு. சட்டை எந்தக் கம்பெனியில தைச்சதுன்னும் இருக்கு.

பவா அதப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. நீங்களா அக்கான்னு அவ வாயத் தொறந்து கேக்கல. கேட்டிருக்கலாம்.

அந்த அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "நீயும் புள்ள பெத்தவதானே"ன்னு சொல்லுச்சு. பவாவும், போயிட்டு வாரேன் அக்கா, அவருகிட்டச் சொல்லிருங்கன்னா. அம்மாவப் பாத்து ஒன்னரை வருஷம் ஆச்சு அவளுக்கு. கேட் பாஸுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். தாய்வீட்டு விசேஷம், ரெண்டு நாள். காரு கதவைச் சாத்தும்போதுதான் முன்சீட்டுல ரெண்டு ஆம்பளைங்க இருந்தது தெரிஞ்சுச்சு. கத்துனேன். காரு ரிங் ரோட்டுல ஏறிருச்சு.

இன்னைக்கு நாலு நாளாச்சு. போன் அணைஞ்சு கெடக்கு. பேச்சிமுத்து ஸ்டேஷனுக்குப் போனா, அம்மா வீட்டுக்குத்தான போயிருக்குன்னு புகாரை வாங்க மாட்டேங்கிறாங்க.

எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. நான் திவ்யான்னுதான எழுதி அனுப்பினேன்? பவதாரிணி எப்படி வந்துச்சு? யோசிச்சுச் சொல்லு.

இசை


மும்பை
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? மச்சானிடம் சொல்லி உன்னைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. கையெழுத்தை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்றே மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். ஸ்யாமளா மேடம் என்று பெயர், இந்த மாதிரி வழக்குகளை நிறைய நடத்தியவர். பேச்சிமுத்துவை நாளைக்கே போய்ப் பார்க்கச் சொல். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுவார். மேடத்தின் ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் இங்கே சும்மா இருக்க மாட்டேன். எனக்கு இப்போது பேச மேடை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. பவதாரிணிக்கு நடந்ததை நாடு முழுக்கக் கேட்கும்படி செய்வேன்.

அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

தமிழ்


அவனியாபுரம்
21 ஜூன் 2025

தமிழுக்கு,

நாங்க இருக்கோம். நீ எப்படி இருக்க?

வக்கீலம்மா நல்லவங்க. மனு போட்டாச்சு.

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. மறந்திருப்பன்னு நெனச்சேன். பேரைச் சரிபாக்கக் கேட்டப்ப எங்க ஆபீஸ்லதான் யாரோ மாத்திக் குடுத்திருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. ஆபீஸ்ல பி.எஃப். ரெஜிஸ்டர் பாக்குறது குருபிரசாத் சார், அமைதியான மனுசன், குரல் ஒசந்து நான் கேட்டதில்ல. மேனேஜர்கிட்டப் போயி இவருதான் பேரை வெளிய விட்டதுன்னு சொன்னேன். ரூமுக்கு வெளிய நின்ன அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி கத்துனேன். அன்னைக்கே அவரை வேலைய விட்டு நிறுத்தி வச்சுட்டாங்க.

முந்தாநேத்து அவரு எங்க வீட்டுக்கே வந்தாரு. சம்சாரம் வர்ஷினியும் கைப்புள்ளையோட கூட வந்துச்சு. உக்காரச் சொன்னேன், உக்காரல. "மூணாம் லைன் ஆளுங்க பேரு, ஊரு இருக்குற பதிவேடு வேணும்னு உங்க தங்கச்சிதான் மார்ச் மாசம் மெயில் போட்டாங்க. அனுப்பினேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னாரு. மெயிலக் காட்டவான்னு போனை நீட்டுனாரு.

நான் பாக்கல. என் தங்கச்சி சொன்னாத்தான் நம்புவேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு படியிறங்கும்போது திரும்பி என்னப் பாத்துக்கிட்டே போச்சு.

எனக்கு ஒரு வரி எழுது. அவரு சொல்றது பொய்னு ஒரே ஒரு வரி. வேற ஒண்ணும் எழுத வேணாம்.

இசை


அவனியாபுரம்
16 ஜூலை 2025

தமிழ்வாணிக்கு,

இருபத்தஞ்சு நாளாச்சு. போனையும் எடுக்க மாட்டேங்கிற. உனக்கு ஏதும் ஆயிருச்சோன்னு பயந்து கெடந்தேன். போன வாரம் அன்னக்கொடி அக்கா அதோட போனைக் கொண்டாந்து காட்டுச்சு. டெல்லியில ஏதோ மேடை. நீ பவதாரிணி பேரைச் சொல்லி அழுகுற. ஜனம் எந்திரிச்சு நிக்குது. எனக்கு ஒரு வரி எழுத முடியல உன்னால. அங்க நின்னு அழுக முடிஞ்சிருக்கு.

ஒண்ணை மறைக்க மாட்டேன். அந்த வீடியோ சுத்துன மறுநாள்தான் ஸ்டேஷன்ல பேச்சிமுத்துகிட்டப் புகாரை வாங்குனாங்க. அதுவரைக்கும் ஒருத்தனும் அசையல. அது உன்னாலதான். அதுக்கு நான் சந்தோஷப்படணுமா, எரிச்சப்படணுமான்னு எனக்குத் தெரியல.

திங்கக்கெழமை ஹைகோர்ட்டுல அவளக் கொண்டாந்து நிறுத்துனாங்க. நானும் போயிருந்தேன். மொதல்ல எனக்கு அடையாளம் தெரியல. முடியக் கழுத்தோட வெட்டிருந்தாங்க. முழுக்கை சட்டை போட்டு விட்டிருந்தாங்க அந்த வெயில்ல. யாரோட போறம்மான்னு ஜட்ஜு கேட்டதுக்கு, "எங்க வீட்டுக்காரரோட"ன்னு சொன்னா. ரெண்டாந்தடவ கேக்கும்போதும் அதேதான். அவ அம்மா பெஞ்சில உக்காந்து தரையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

வெளிய வந்து வேப்பமரத்துக்கு அடியில உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். வயித்தப் பாத்தேன். அவ என் கண்ணப் பாத்துட்டு, "போன மாசமே போச்சு அக்கா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க"ன்னா. பேச்சிமுத்து மரத்துக்கு அந்தப் பக்கம் போயி நின்னுக்கிட்டாரு.

குருபிரசாத் சாரு இன்னும் வேலையில்லாமத்தான் இருக்காரு.

இசைவாணி


மும்பை
24 ஜூலை 2025

அக்கா,

அவர் சொன்னது பொய்யில்லை.

நீ கேட்ட ஒரு வரி இதுதான். இதை ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும். நாலு தடவை எழுதிக் கிழித்தேன் என்று சொல்லலாம், அது உனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பதிவேட்டைக் கேட்டு வாங்கியது நான். உன் லிஸ்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு பெயர் பொருந்தியது. ஒன்று இல்லை. பதிவேட்டில் பவதாரிணி என்று இருந்தது, ஊரும் இருந்தது. திவ்யா என்பதை அழித்துவிட்டு அதைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அக்கா. நீ இரண்டு தடவை வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அந்தக் கடிதங்கள் மேஜையில் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. பட்டையைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அதுவும் முழு நிஜமில்லை. "ஒரு பெயர்கூடப் பொய் இல்லை" என்று மேடையில் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

உன் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் வக்கீலைப் பிடித்தேன், தெரிந்துகொண்டேதான் டெல்லியில் பேசினேன். அங்கே நான் அழுதது நடிப்பில்லை. ஆனால் பெயரைக் கொடுத்தது யார் என்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். யாரும் கேட்கவில்லை.

குழந்தை போனது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் மேனேஜருக்கு நேற்று எழுதிவிட்டேன், குருபிரசாத்மேல் தப்பில்லை, நான்தான் பெயரை மாற்றினேன் என்று. அவருக்கும் அவர் மனைவிக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஸ்யாமளா மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் வாக்குமூலம் தர ஆகஸ்ட்டில் வருகிறேன். விற்காமல் மிச்சம் இருந்த சட்டைகளில் அந்தப் பட்டையைப் பிரித்துவிட்டோம். விற்றவற்றைத் திரும்பக் கேட்டிருக்கிறோம், ஏழு வந்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பவதாரிணியிடம் நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னைப் போலப் பெயர் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். நான் செய்த தப்பை நடந்தபடி, எதையும் மறைக்காமல் எழுதினால் இன்னொருத்திக்கு இது நடக்காது என்று நினைக்கிறேன். அவள் பெயரைச் சொல்லி எழுதலாமா?

நீ திட்டினாலும் பதில் எழுது.

தமிழ்


அவனியாபுரம்
5 அக்டோபர் 2025

தமிழுக்கு,

எல்லாரும் இருக்கோம். அப்பா முழங்காலுக்கு ஊசி போட்டுட்டு வந்திருக்காரு. இந்தத் தடவை லேட்டா எழுதுனது நான். வேணும்னு பண்ணல. எழுத உக்காந்தா கோவம்தான் வந்துச்சு, கோவத்துல எழுத வேணாம்னு வச்சுட்டேன்.

ஆகஸ்ட்டுல கோர்ட்டுக்கு வந்தப்ப உன்னத் தூரத்துல பாத்தேன். கூண்டுல நின்னு நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு. எதிர்ப்பக்க வக்கீலு, பப்ளிசிட்டிக்குத்தான இது எல்லாம்னு கேட்டப்ப, ஆமா, அதுவும் இருந்துச்சுன்னு சொன்ன. அப்ப உன் பக்கத்துல வந்து நிக்கணும்போல இருந்துச்சு. வரல. நீ பஸ் ஏறுற வரைக்கும் டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தேன்.

பவாவோட அண்ணனுக்கும் சித்தப்பனுக்கும் ஜாமீன் கெடைக்கல. அந்த டாக்டரையும் கேஸுல சேத்துருக்காங்க. குருபிரசாத் சாரு வேலைக்கு வந்துட்டாரு. வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டேன். அவரு பரவாயில்லம்மான்னுட்டாரு. வர்ஷினி காபி மட்டும் குடுத்துச்சு.

உன்னப் பாத்து வேற ஒரு கம்பெனி, தைச்சவங்க பேரு போடணும்னு ஆர்டர் குடுத்துருக்கான். மேனேஜர் ரெஜிஸ்டரப் பாத்து எழுதிக்கிறேன்னாரு. அன்னக்கொடி அக்கா மெஷின நிறுத்திட்டு எந்திரிச்சுச்சு. ஒவ்வொருத்திகிட்டயும் தனித்தனியா கேக்கணும், ஏன்னு கேக்கக் கூடாதுன்னுச்சு. எல்லா மெஷினும் நின்னுச்சு. நானும் டேபிள விட்டு எந்திரிச்சு அதுக்குப் பக்கத்துல போயி நின்னேன். சாயங்காலம் வரைக்கும் பேசிட்டு மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. பதினொரு பேரு எழுதிக் குடுத்தாங்க. மத்தவங்க குடுக்கல. அன்னக்கொடி அக்கா இனிசியலோட குடுத்துச்சு. துணியால ஏதாச்சும் மாறுமான்னு எங்கிட்ட முன்ன கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன். இப்பச் சிரிக்கல. ஆனா அதுக்கு ஒரு புள்ள போயிருக்கு, அதயும் சேத்துத்தான் சொல்லணும்.

நீ கேட்டதப் பவாகிட்டச் சொன்னேன். உன் கடுதாசிய அப்படியே படிச்சுக் காட்டுனேன். ரெண்டாந்தடவையும் படிக்கச் சொன்னா. அப்புறம், "நடந்தத எழுதட்டும் அக்கா. என் பேரு வேணாம்"னா. உன்மேல கோவமான்னு நான் கேட்டேன். கடுதாசிய மடிச்சு என் கையில குடுத்தா.

போன மாசம் ரெண்டு பேரும் இங்கருந்து கெளம்பிட்டாங்க. ஆட்டோவ வித்துட்டாரு. அவளுக்கும் அங்க ஒரு எடத்துல வேலை பாத்துக் குடுத்துருக்கேன். நேத்துப் போன் பண்ணுனா, வீடு கெடச்சிருச்சாம், மாடியாம், காத்து வருதாம்.

எந்த ஊருன்னு எனக்குத் தெரியும். உனக்கு எழுத மாட்டேன்.

தீபாவளிக்கு வா. அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கு. நானும் எழுமலைக்கு வாரேன். வந்தா அந்த ஊரப் பத்தி எங்கிட்டக் கேக்காத.

உன் அக்கா
இசைவாணி